சத்தம் எங்கே போனது?

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே அம்மா குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அம்மம்மாவுக்கு மறதி தொடங்கிட்டுது போலை கிடக்கு. சின்னம்மம்மா எனக்குப் போன் எடுத்து அழுறா. முழங்கால் நோ எப்பிடி எண்டு கேட்டால், அக்கா ஸ்னோ உருகிப் போச்சு எண்டு சொல்லுறாவாம். வாற வியாழக்கிழமை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன்."

சின்னம்மம்மா என்றால் அம்மம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்தில் இணுவிலில் இருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு அம்மம்மா எங்கள் வீட்டு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். அங்கே அப்போது மாலை ஆறரை. இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். போனில் முகம் சின்னதாகத் தெரிகிறது என்பதால் அம்மம்மாவுக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான் வேண்டும்.

அந்த இரவு எனக்குச் சரியான நித்திரை இல்லை.

அடுத்த நாள் காலை நான் அவருக்குப் பின்னால் இருந்த சோபாவில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தேன். திரையில் சின்னம்மம்மா வந்தார். அவருடைய வாய் அசைந்தது. கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார். சத்தமே இல்லை. அம்மம்மா சிரித்துக்கொண்டு, "ஓம் ஓம், இஞ்சை இப்ப குளிர் குறைவு" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அழைப்பு முடிந்ததும் கேட்டேன்.

"அம்மம்மா, உங்களுக்குச் சத்தம் கேக்குதோ?"

"இல்லைப் பிள்ளை. நாலு கிழமையாக் கேக்கேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"என்ரை காது முழுசாப் போட்டுது எண்டு நினைச்சன். டிவியைக் குறையுங்கோ, உங்களுக்குக் காது கேக்கேல்லை எண்டு நீங்கள் எல்லாரும் சொல்லுறனீங்கள்தானே." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உனக்குச் சொன்னனான். போனிலை. நீ வொலியூமைக் கூட்டச் சொன்னனீ."

ஓம். சொன்னேன்தான். பரீட்சை நேரம். பத்து விநாடியில் அழைப்பை முடித்திருந்தேன். கேட்காத சத்தத்துக்கு அவர் நாலு கிழமையாக மறுமொழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சின்னம்மம்மாவின் முகத்தைப் பார்த்து, இப்போது இதைத்தான் கேட்பாள் என்று ஊகித்து.

எனக்குக் கம்ப்யூட்டர் திருத்தத் தெரியும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. உண்மையில் எனக்குத் தெரிந்தது ஒரு விதி மட்டும்தான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிய பிறகு சோதித்துப் பார்.

முதலில் ஸ்பீக்கர். விளக்கு எரிந்தது. அதன் பச்சை வயரைக் கழற்றி என் லேப்டாப்பில் செருகி ஒரு பாட்டைப் போட்டேன். வீடே அதிர்ந்தது. அம்மம்மா திரும்பிப் பார்த்தார். "எனக்குக் கேக்குது!" என்றார். அந்த ஒரு நிமிடச் சோதனையில் இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்பீக்கரும் நல்லம், அம்மம்மாவின் காதும் நல்லம். பிழை கம்ப்யூட்டருக்குள்தான்.

அடுத்தது பின்பக்கம். அங்கே நிறம் நிறமாக ஓட்டைகள் இருக்கும். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தத்தை உள்ளே எடுக்க, பச்சை ஸ்பீக்கருக்கு. தூசி தட்டும்போது வயரை மாற்றிச் செருகிவிடுவது வழக்கமாக நடப்பதுதான். ஆனால் எங்களுடையது சரியாகப் பச்சையில்தான் இருந்தது.

பிறகு விண்டோஸ். திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று காட்டும். எச்டிஎம்ஐ வயரில் இணைத்த மொனிட்டரையும் கம்ப்யூட்டர் ஒரு ஸ்பீக்கராக எண்ணிக்கொள்வதுண்டு. மொனிட்டருக்குள் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் சத்தத்தை அங்கே அனுப்பிவிடும். எங்களுக்கு அந்தப் பிரச்சினையும் இல்லை. வொலியூம் மிக்சரில் பிரவுசரை மட்டும் யாராவது மியூட் செய்திருக்கலாம். அதுவும் இல்லை. டிவைஸ் மனேஜரில் ஓடியோ டிரைவரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸ் தானாகவே அதைத் திரும்பப் போட்டது. சத்தம் மட்டும் வரவில்லை.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. சவுண்ட் செட்டிங்ஸில் பிளேபேக் என்ற பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு வீடியோவைப் போட்டால், பக்கத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின. கம்ப்யூட்டர் பாடிக்கொண்டிருக்கிறது. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

இதை அம்மம்மாவுக்குத் தமிழில் எப்படிச் சொல்வது? 'அவுட்புட்' என்பதற்கு என்னிடம் சொல் இல்லை. "கம்ப்யூட்டர் சத்தத்தை அனுப்புது. ஆனா ஸ்பீக்கருக்கு வரேல்லை" என்றேன்.

"தோட்டத்திலை மிசின் ஓடுது, பாத்திக்குத் தண்ணி வரேல்லை. அப்பிடியோ?"

அவருடைய ஐயா மிளகாயும் வெங்காயமும் வைத்தவர். கிணற்றிலிருந்து மிசின் தண்ணீரை இறைக்கும். அது வாய்க்கால் வழியே ஓடிவந்து ஒவ்வொரு பாத்தியாகப் பாயும். சின்ன வயதில் அம்மம்மாவும் சின்னம்மம்மாவும்தான் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாறிவிடுவார்களாம்.

"மிசின் ஓடேக்கை தண்ணி வரேல்லை எண்டால் மிசினைக் கழட்டக் கூடாது. வாய்க்கால் வழியே நடந்து போகோணும். எங்கையோ உடைச்சு வேறை பக்கம் போகும்."

வேறை பக்கம். நான் கம்ப்யூட்டரின் முன்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ஹெட்போனுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. போனில் இருந்த டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ மின்னியது.

ஒரு ஹெட்போன் பிளக்கின் முறிந்த நுனி.

பல டெஸ்க்டாப்களில் அந்த ஓட்டைக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. பிளக்கைச் செருகியதும் அது அழுத்தப்படும். யாரோ ஹெட்போன் போட்டுவிட்டார்கள் என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பின்பக்க ஸ்பீக்கரை நிறுத்திவிடும். நுனி உள்ளே முறிந்து கிடந்ததால், நாலு கிழமையாக அது எல்லாச் சத்தத்தையும் இல்லாத ஒரு ஹெட்போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"கடைசியா எப்ப கேட்டது, அம்மம்மா?" இதைத்தான் நான் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும்.

"நீ லீவிலை வந்து போனியே, அதுக்கு முதல் கிழமை."

அந்த லீவில் இந்த மேசையில் இருந்துதான் இரவிரவாகக் கேம் விளையாடினேன். எழும்பும்போது ஹெட்போன் வயர் கதிரையில் சிக்கி இழுபட்டது. பிளக் முறிந்திருப்பதைக் கண்டேன். மலிவான ஹெட்போன்தானே என்று குப்பையில் போட்டேன். மற்றத் துண்டு எங்கே என்று யோசிக்கவே இல்லை.

பசை பூசிய குச்சியை உள்ளே விட்டு நுனியை இழுத்து எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பசை உள்ளே ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம். நான் வேறு வழியில் போனேன். கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவரிலிருந்து வயரைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்தேன். முன்பக்க ஓட்டைகளிலிருந்து ஒரு மெல்லிய வயர் மதர்போர்டுக்குப் போகும். அது செருகியிருக்கும் இடத்தில் 'ஓடியோ' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அம்மம்மா டோர்ச் பிடித்தார். அந்த வயரை மெல்ல இழுத்துக் கழற்றினேன். இனி முன்பக்கத்தில் ஹெட்போன் வேலை செய்யாது. ஆனால் பொய்ச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

மூடி, இயக்கி, வீடியோவைப் போட்டேன். சத்தம் வந்தது.

அப்போது எங்களுக்குப் பதினொன்றரை. இணுவிலில் இரவு ஒன்பது மணி. "படுத்திருப்பாள்" என்று சொல்லிக்கொண்டே அம்மம்மா அழைத்தார். சின்னம்மம்மா உடனே எடுத்தார்.

"அக்கா! கேக்குதோ? அக்கா!"

"கேக்குது, கேக்குது. ஏனடி கத்துறாய்? மெல்லமாக் கதை."

மற்றப் பக்கத்தில் சத்தமே இல்லை. மறுபடியும் போய்விட்டதோ என்று நான் பயந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, சின்னம்மம்மா அழுதுகொண்டிருந்தார்.

அம்மா டொக்டர் அப்பொயின்ட்மென்டை ரத்துச் செய்யவில்லை. காதை ஒருக்கால் பரிசோதிப்பது நல்லதுதான். 'மறதி' என்று துண்டில் எழுதி வைத்ததை மட்டும் வெட்டிவிட்டார். அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில், முறிந்த ஹெட்போன் என்னுடையது என்று எல்லோருக்கும் சொன்னேன். அம்மம்மா என் கோப்பையில் இன்னொரு அகப்பைச் சோறு போட்டார். "முறிஞ்சது முறிஞ்சு போச்சு. சாப்பிடு."

உங்கள் வீட்டிலும் யாராவது போன் எடுத்து, "உந்தக் கொம்பியூட்டர் என்னவோ செய்யுது" என்று சொல்வார்கள். அவர்கள் பாவிக்கும் சொற்கள் சரியாக இருக்காது. எங்கள் தமிழும் சரியாக இருக்காது. வொலியூமைக் கூட்டுங்கோ என்று சொல்லிவிட்டு வைக்க முதல், எப்ப இருந்து என்று கேளுங்கள். இப்ப என்ன தெரியுது என்று கேளுங்கள். முழுக் கேள்விக்கும் மறுமொழி வரும்வரை இருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகும் வழியில் அம்மம்மா எடுத்தார். "பிள்ளை, பிசியோ? பிரிண்டர் சிவப்பு லைட் காட்டுது."

நான் பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தேன். "இல்லை அம்மம்மா. சொல்லுங்கோ. எப்ப இருந்து?"