முக்கோணத்தின் முனை

பழைய சேலையில் பிள்ளைக்குப் போர்வை தைப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. நைந்த வேட்டியையும் சேலையையும் நாலு மடிப்பாகப் போட்டு ஓட்டுத்தையல் ஓட்டினால் தீர்ந்தது வேலை. ஆனால் துண்டு துண்டாக வெட்டி, நட்சத்திரமாக இணைக்கிற ஒட்டுப் போர்வை இருக்கிறதே, அது வேறு ரகம். அதில் முதலில் கண்ணில் படுவது நிறம் அல்ல, நட்சத்திரத்தின் முனைதான். முனை மழுங்கினால் எலி கடித்தது போல இருக்கும்.

என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்குத் திரேஸ்புரம் வருகிறாள். "மைனி, அம்மா சேலையில பிள்ளைக்கு ஒரு போர்வை தைச்சு வையுங்க. கடையில வாங்குனது வேண்டாம்" என்று போனில் சொன்னாள். மாமியார் தவறி இரண்டு வருஷம். பெட்டியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கருநீலச் சுங்குடி. முந்தானை நைந்து போயிற்று. உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் சல்லடை. கொசுவத்துக்குள் மறைந்து வெயில் படாமல் இருந்த பகுதிதான் உருப்படி. ஜூலை 26 பனிமய மாதா கொடியேற்றத்துக்கு அவள் வந்துவிடுவாள். வெட்டித் தப்பினால் கடையில் போய் வாங்குகிற துணியா இது?

அதனால் அளவை முதலில் பேசிவிடுகிறேன். தையல்காரர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அந்தக் கணக்கு இதற்கு ரொம்ப வசதி. முடித்தபின் 12 அங்குலம் வருகிற எட்டு முனை நட்சத்திரத்துக்கு, நடுவில் 6½ அங்குலச் சதுரம் ஒன்று. நான்கு மூலைக்கும் 3½ அங்குலச் சதுரம் நான்கு. முனைகளுக்கு 3 அங்குலம் 7 நூல் சதுரம் நான்கு வெட்டி, குறுக்கே ஒரு தரம் வெட்டினால் எட்டு சிறு முக்கோணம். இடையில் வருகிற பெரிய முக்கோணத்துக்கு 7¼ அங்குலச் சதுரம் ஒன்றை இரண்டு மூலைக்கும் குறுக்காக வெட்டினால் நான்கு. இப்படி வெட்டும்போது பெரிய முக்கோணத்தின் நீளப் பக்கம் நேர் இழையில் விழும். கட்டத்தின் வெளி ஓரம் இழுபட்டு வளையாது.

ஒன்பது நட்சத்திரம் வைத்தால் மூன்றடிக்கு மூன்றடி. பிள்ளைக்குப் போதும். சுங்குடியிலிருந்து எனக்கு வேண்டியது 36 சதுரம், அதாவது 72 முனை. நடுச் சதுரத்துக்கு மாமாவின் கட்டம் போட்ட சாரம். மற்றதற்கு வெள்ளை மல்துணி. புதுத் துணியை நனைத்துக் காயவைத்து, சுருங்கவிட்டு, அப்புறம்தான் வெட்ட வேண்டும். பழைய சேலை வழவழவென்று நழுவும். அதற்கு வடிகஞ்சி போட்டு, சிறிது ஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போட்டால் காகிதம் போல நிற்கும். பென்சில் கோடும் ஓடாது.

தையலுக்கு விடுகிற துணி கால் அங்குலம், அதாவது இரண்டு நூல். எல்லோரும் சொல்வதுதான். ஆனால் மெஷின் பாதத்தின் ஓரத்தை நம்பித் தைத்தால் கால் அங்குலம் வரும் என்று யார் சொன்னது? ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு மாதிரி. 1½ அங்குல அகலத்தில் வேண்டாத துணியில் மூன்று பட்டை வெட்டி இணைத்துப் பாருங்கள். இஸ்திரி போட்டபின் நடுப் பட்டை சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் அகலம். மடிப்பே ஒரு இழை துணியைத் தின்றுவிடும். ஆகவே கால் அங்குலத்துக்கு ஓர் இழை உள்ளடக்கித் தைப்பதுதான் சரியாக வருகிறது. அந்த இடம் கிடைத்ததும், மருந்துக்கடைப் பிளாஸ்திரியை நாலைந்து அடுக்காக மெஷின் தகட்டில் ஒட்டிவிடுங்கள். துணி அந்த வரம்பைத் தொட்டபடி தானாக ஓடும்.

ஒரு வீசம், அதாவது அரை நூல் கூடினால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றும். இரண்டு பக்கத் துணியிலும் அரை நூல் போகிறது, ஆக ஒரு தையலுக்கு ஒரு நூல். மூன்று நட்சத்திரம் உள்ள ஒரு வரிசையில் நேர்த்தையல் எட்டு. முழுசாக ஓர் அங்குலம் போச்சு! அப்புறம் ஒரு வரிசையும் அடுத்த வரிசையும் எப்படிச் சேரும்?

மாமா ஒரு காலத்தில் கடற்கரையில் பாய் தைத்தவர். எஞ்சின் வருவதற்கு முன், தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்குப் பாய் விரித்துத்தான் போயின. என் பட்டையை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் இழுத்துப் பார்த்துவிட்டு, "தையல் சுருங்குன இடத்துலதாம்மா காத்து முதல்ல கையை வைக்கும்" என்றார். நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினேன். ஊசியையும் 14-ம் நம்பரிலிருந்து 11-க்கு மாற்றினேன். கடற்காற்றில் ஊசி சீக்கிரம் துருவேறும். துருப்பிடித்த ஊசி மெல்லிய சுங்குடியை இழுத்துக் கிழித்துவிடும்.

இனி முனை. பெரிய முக்கோணத்தின் இரண்டு தோளிலும் சிறு முக்கோணத்தைத் தைத்தபின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு தையலும் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று வெட்டும். அதுதான் முனை இருக்கிற இடம். அதற்கு மேலே கால் அங்குலத் துணி நீட்டிக்கொண்டிருக்கும். அதை மிச்சம் என்று நினைத்துக் கத்தரித்துவிடாதீர்கள்! அடுத்த தையலுக்கு அதுதான் இடம். மூலையில் காது மாதிரி துருத்துகிற துணுக்கை மட்டும் வெட்டலாம். அடுத்த துண்டை இணைக்கும்போது பெருக்கல் குறி உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். குறியின் நடுவில் குண்டூசி செருகி, தையலை அதன் வழியே ஓட்டுங்கள். ஓர் இழை ஓரத்தின் பக்கம் விலகினாலும் பாதகமில்லை. உள்ளே விலகினால் முனை போயிற்று.

குறுக்கே வெட்டிய ஓரம் ரப்பர் மாதிரி. கையால் இழுத்து ஊட்டாதீர்கள், மெஷின் பல் தள்ளட்டும். இஸ்திரிப் பெட்டியையும் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். இரண்டு தையல் சந்திக்கிற இடத்தில் ஒன்றின் மடிப்பைக் கிழக்கே சாய்த்தால் இன்னொன்றை மேற்கே சாயுங்கள். இரண்டும் தாழ்ப்பாள் போட்ட மாதிரி கவ்விக்கொள்ளும்.

இவ்வளவு கணக்கு எல்லா ஒட்டுப் போர்வைக்கும் வேண்டியதில்லை. கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்று ஒன்று தைக்கிறார்கள். அளவுகோலே கிடையாது. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் துணியை வைத்து, கையாலேயே ஓட்டிக்கொண்டு போவார்கள். நம் தஞ்சாவூர்த் தேர்த் தொம்பைகளிலும் துணியை மடித்து மேலே வைத்துத் தைப்பதுதான். மடிப்பிலேயே முனை வந்துவிடும். கை பழகாதவர்கள் அப்படித் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம்.

சுங்குடியில் 38 சதுரம் தேறியது. போர்வை முடிந்தபின் நான்கு முக்கோணம் மிச்சம். அவற்றை ஓரம் மடித்து ஒரு டப்பியில் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளை இழுத்துக் கிழித்தால் ஒட்டுப்போட வேண்டாமா?