சத்தமில்லாமல் ஒரு வேலை



'நிறைகுடம் தளும்பாது' என்பார்கள். கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் இது பொருந்தும் என்று நான் கற்றது வகுப்பறையில் அல்ல. இன்டஸ்ட்ரியல் டிரெயினிங்குக்குப் போன ஒரகடத்தில்தான்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை வந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் ஏராளம். அப்படி ஒன்றில், பேக்கிங் லைனில் என்னைப் போட்டார்கள்.

லைன் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர், அதோடு ஒரு பார்கோடு ஸ்கேனர். பெட்டி லேபிளை ஸ்கேன் செய்தால் எண் கணக்கில் ஏறும். அதைச் செய்தவர் கான்ட்ராக்டில் இருந்த ஓர் அக்கா. ஊரில் இருக்கும் குழந்தையை இந்தச் சம்பளத்தில்தான் படிக்க வைத்தார்.

ஒருநாள் கரண்ட் போய் வந்தது. ஷிப்ட் முடிவில் ஒன்பது பெட்டி கணக்கில் இல்லை.

"ஸ்கேன் பண்ணாமலே தள்ளிட்டியாம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல சார். ஒவ்வொண்ணுக்கும் பீப் சத்தம் கேட்டுச்சு சார்."

"இது ரெண்டாவது தடவை. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி ஆளை மாத்திடுவேன்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் ஷிப்ட்டுக்கு முன்னால் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கணக்குப் புரோகிராம் வந்தது. ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, கோப்புகளை நகல் எடுக்கும் இன்னொரு புரோகிராம் அதன் மேலே வந்து உட்கார்ந்தது!

விஷயம் புரிந்துவிட்டது. இந்த வகை ஸ்கேனர் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒரு கீபோர்டுதான். எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதில்தான் எண் போய் விழும். பீப் சத்தம் 'கோட்டைப் படித்துவிட்டேன்' என்று ஸ்கேனர் சொல்வது. 'கணக்கில் ஏறியது' என்பதல்ல. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, நோட்பேடைத் திறந்து ஒரு லேபிளை ஸ்கேன் செய்து காட்டினேன். எண் நோட்பேடில் விழுந்தது. அவர் சற்று நேரம் பேசவில்லை. "சரி தம்பி, இதை முதல்ல சரி பண்ணு" என்றார்.

ஐ.டி. பிரிவில் அனுமதி வாங்கிக்கொண்டு இறங்கினேன். முதலில் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இருந்த ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் 'ரன்' என்ற இடத்தில் 'மினிமைஸ்டு' என்று மாற்றினேன். பலிக்கவில்லை. ஏனென்றால் அது விண்டோஸ் புரோகிராமுக்கு வைக்கும் வேண்டுகோள் மட்டுமே. கேட்பதும் கேட்காததும் அதை எழுதியவர் கையில்.

பிறகு டாஸ்க் ஷெட்யூலருக்குப் போனேன். யாரும் லாகின் செய்யாவிட்டாலும் இயங்கும்படி அமைத்தால், விண்டோஸ் அந்தப் புரோகிராமைத் தனி செஷனில் ஓட்டும். ஜன்னல் நம் திரைக்கு வரவே வராது. பழைய ஷார்ட்கட்டை எடுத்துவிட்டு இதை வைத்தோம். சத்தமே இல்லை!

ஆனால் ஐ.டி. சார் ஒரு கேள்வி கேட்டார்: "சத்தமில்லாம ஓடுது, சரி. சத்தமில்லாம நின்னு போனா யாருக்குத் தெரியும்?" நல்ல கேள்வி. நகல் எடுத்து முடித்ததும் தேதியும் நேரமும் ஒரு ஃபைலில் பதியும்படி செய்தோம். ஷிப்ட் ஆரம்பத்தில் அதைப் பார்ப்பது ஒருவர் பொறுப்பானது.

இந்தப் பின்னணி வேலை புதிதல்ல. டாஸ் காலத்தில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் ஓடும். அதிலும் 1984-ல் வந்த போர்லாண்டின் சைட்கிக், மெமரியில் ஒதுங்கி நின்று, அழைத்தால் மட்டும் எழுந்து வந்தது. 1995-ல் விண்டோஸ் 95 கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு மூலையையே இதற்கென ஒதுக்கியது. வைரஸ் எழுதுபவர்களுக்கும் இந்த மறைவிடங்கள் தெரியும். ஆகவே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலையும், டாஸ்க் ஷெட்யூலரையும் அவ்வப்போது பார்த்து வாருங்கள்.

அந்த அக்காவின் பெயருக்கு எதிரே ரிஜிஸ்டரில் எழுதியிருந்த குறிப்பை சூப்பர்வைசரே அடித்துவிட்டார். டிரெயினிங் முடிந்து நான் கிளம்பும்வரை அதே லைனில்தான் அவர் இருந்தார்.

நண்பர்களே, நாளை நீங்களும் புரோகிராம் எழுதுவீர்கள். அது திரையின் முன்னால் வந்து நிற்கும் முன், அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர் யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கணக்கு உதைத்தால் கம்ப்யூட்டரை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதன் முன்னால் நிற்கும் மனிதரைத்தான் கேட்கிறார்கள்!