அப்பாவின் காலடிக் கணக்கு



பால்மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர் என் தந்தையார். கடந்த ஆண்டு, 73ஆம் வயதில், அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சைக்கு நான்கு வாரங்கள் இருந்தன. அதற்குள் உடலைத் தயார்ப்படுத்த வேண்டும் என்று கூறி, மருத்துவமனையில் அவருடைய கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் பதிவிறக்கித் தந்தனர். நாள்தோறும் நடை, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், மூச்சுப் பயிற்சி. உணவில் முட்டை, மீன், பருப்பு. செய்தவற்றைச் செயலியில் குறிக்க வேண்டும். நடக்கும் அடிகளை அதுவே எண்ணிக்கொள்ளும்.

இதற்குத் தக்க காரணம் உண்டு. கனடாவின் மொன்றியல் நகரில் 77 குடல் புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. அறுவைக்கு முன்பே வீட்டில் பயிற்சியைத் தொடங்கியோரில் 84 விழுக்காட்டினர், அறுவைக்குப் பின் எட்டு வாரங்களில் தம் பழைய நடைத்திறனை மீட்டிருந்தனர். அறுவைக்குப் பிறகு தொடங்கியோரில் 62 விழுக்காட்டினரே மீட்டிருந்தனர்.

முதல் வாரம் அப்பாவின் கணக்கில் நாளுக்கு ஐயாயிரம் அடிகள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாலை, நான்காம் ஆண்டில் பயிலும் என் மகன் பந்து விளையாடிவிட்டு வந்தான். அவன் காற்சட்டைப் பையில் அப்பாவின் கைத்தொலைபேசி இருந்தது.

அண்ணன் எழுதிக் கொடுத்த வீட்டுப்பாடத்தைக் கண்டுபிடித்த கோபத்தோடு அப்பாவின் முன் நின்றேன்.

"பத்து நிமிஷம் நடந்தாலே மூச்சு வாங்குதும்மா. கொறைவா காட்டுனா, இந்தக் கெழவன் தாங்க மாட்டான்னு ஆப்பரேஷனையே நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

அப்பா அதனைத் தேர்வாக எண்ணிவிட்டார். எண்ண வைத்தவள் நானே. பள்ளி முடிந்து வந்ததும் "இன்னைக்கு எத்தனை?" என்றுதான் கேட்டேன். "எப்படி இருந்துச்சுப்பா?" என்று ஒருநாளும் கேட்கவில்லை.

மறுநாளே தாதியிடம் உண்மையைச் சொன்னோம். இரத்தப் பரிசோதனையில் இரத்தசோகை கூடியிருப்பது தெரிந்தது. இரத்த நாளத்தின் வழியாக இரும்புச்சத்து ஏற்றினர். நடையைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்துக் கொடுத்தனர். அதன்பின் மாலைதோறும் மூவரும் சேர்ந்தே நடந்தோம். அறுவை குறித்த நாளில் நடந்தது. ஆறாம் நாள் அப்பா வீடு திரும்பினார்.

குறைந்த புள்ளிகள் பெற்ற மாணவனிடம் இப்போதெல்லாம், "எந்த இடத்தில் சிரமமாக இருந்தது?" என்றே முதலில் கேட்கிறேன். உங்கள் வீட்டு முதியவரின் கையிலும் நாளை இத்தகைய செயலி வரலாம். எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். உடன் நடந்து பாருங்கள்.