அந்த ஐந்நூறு ரூபாய் அபராதம்

காலடிப்பேட்டையில் விடியற்காலை நாலரை மணிக்கே எங்கள் பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் கடல் ஊருக்குள் வராமலிருக்கக் கொட்டிய பாறாங்கல், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள். நடுவில் கிடைத்த இடத்தில் 1500 மீட்டரை அளந்து வைத்திருக்கிறோம். ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த பழைய விசைப்படகுக் கயிற்றைப் பூவரச மரத்தில் கட்டித்தான் கயிறு ஏறப் பழகுகிறார்கள். மணலிப் பக்கமிருந்து காற்றடிக்கிற நாளில், மூச்சை இழுத்துப் பிடித்து மார்பை 81-லிருந்து 86 சென்டிமீட்டருக்கு விரிப்பதே ஒரு சாதனை.

மாலையில் படிப்பு வட்டம், காலையில் ஓட்டம். இதை ஆரம்பித்தபோது எங்களுக்கு வந்த முதல் கேள்வி வெளியிலிருந்து வரவில்லை. எங்கள் தோழர்களே கேட்டார்கள்: "நம்மள அடிக்கிறவன் கையில லத்தி கொடுக்கவா நம்ம பசங்கள தயார் பண்றீங்க?"

நியாயமான கேள்விதான். போலீஸ் ஒருமுறையாவது கதவைத் தட்டாத வீடு எங்கள் தெருவில் குறைவு. வாச்சாத்தியில் 1992-ல் நடந்ததற்கு 2011-ல் தீர்ப்பு வந்தபோது 269 அரசு ஊழியர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டிருந்தது; அவர்களில் வனத்துறையோடு காவல்துறையும் இருந்தது. தாமிரபரணியை, பரமக்குடியை நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கிறோம். அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பையன்தான் மறுநாள் காலை வந்து, "அண்ணா, ஹைட் அளந்து பாக்கலாமா?" என்று கேட்கிறான். அவனை என்ன செய்வது?

முதலில் அவன் கேட்பதற்குப் பதில் சொல்லிவிடுகிறோம். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். பொதுப்பிரிவுக்கு 26 வயது என்றால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31 வரை வாய்ப்பு உண்டு. உயரம் மற்ற ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், எங்களுக்கு 167. பெண்களுக்கு 159, எங்கள் பெண்களுக்கு 157. தமிழ்த் தகுதித் தேர்வு 80 மதிப்பெண்ணுக்கு. அதில் 32 எடுக்காவிட்டால் அடுத்த விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அப்புறம் 70 மதிப்பெண்ணுக்குப் பொது அறிவும் உளவியலும். ஓட்டம், தாண்டுதல், கயிறு எல்லாம் சேர்த்து 24. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழுக்கு 6. இந்த ஆறில்தான் எங்கள் பிள்ளைகள் விழுகிறார்கள். என்.சி.சி. இல்லாத பள்ளியில் படித்தவன் சான்றிதழுக்கு எங்கே போவான்?

சம்பளம்? இரண்டாம் நிலைக் காவலருக்கு ஊதிய விகிதம் 18,200-லிருந்து 67,100 வரை. அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. பட்டம் முடித்து உதவி ஆய்வாளர் தேர்வு எழுதினால் 36,900-லிருந்து 1,16,600. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை என்று கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தக் கூலியாக நிற்கிற அப்பாவுக்கு இந்த எண்கள் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாதம் பிறந்தால் வரும் என்பதுதான் அவர் காதில் விழுகிற ஒரே விஷயம். 2022-ல் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் 3,552 இடங்களுக்கு ஆளெடுத்தது, 2023-ல் 3,359, 2025-ல் 3,644. சிறைக் காவலரும் தீயணைப்பாளரும் இதில் சேர்த்தி. பட்டியல் சாதிகளுக்கு 18 விழுக்காடு என்று கணக்குப் போட்டால் 2025-ல் ஏறத்தாழ 650 இடம். ஒரு மாநிலத்துக்கே அவ்வளவுதான்.

இனிப்பை மட்டும் சொல்லி ஆசை காட்டக் கூடாது என்பதால் மற்றதையும் சொல்கிறோம். வாரத்தில் ஒருநாள் விடுப்பு என்பதே 2021-ல்தான் ஆணையாக வந்தது. அதிகாரி வீட்டில் எடுபிடி வேலை செய்யும் ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்தாகிவிட்டது என்பார்கள். 2022-ல் உயர்நீதிமன்றம் மறுபடி அதட்ட வேண்டியிருந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சங்கம் வைக்க உரிமை கிடையாது. எங்களோடு கொடி பிடித்தவன் நாளைக்கு அவனுக்காகவே ஒரு கொடி பிடிக்க முடியாது. தேர்வானதும் நேராகக் காவல் நிலையத்தில் உட்கார்ந்துவிட முடியாது, பட்டாலியனிலோ ஆயுதப்படையிலோ பல வருடம் கழிய வேண்டும். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் சிறப்பு உதவி ஆய்வாளராக 25 ஆண்டு ஆகும் என்பதுதான் நெடுங்காலமாக இருந்த கணக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகும் பிள்ளைகள் ஓடத்தான் வருகிறார்கள். பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். இருட்டில் அனுப்ப முடியாது என்று மறுத்த அம்மாக்கள் இப்போது கூடவே வந்து பாறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, "இன்னும் வேகமா ஓடுடி" என்று அதட்டுகிறார்கள்.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. எங்களிடம் படித்த ஒரு தம்பியைப் பற்றி, எங்கள் தவற்றைப் பற்றி.

2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவுக்குப் பத்து நாளாக லாரி வரவில்லை. காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தோம். பேனரின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அந்தத் தம்பியைக் கூப்பிட்டதே நாங்கள்தான். அவனுக்கு அப்போது 19 வயது. மாலைக்குள் மண்டபத்தில் வைத்து விட்டுவிட்டார்கள். தண்ணீர் லாரியும் வந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

சில மாதம் கழித்துச் சம்மன் வந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 143, 188, 341. சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது, வழிமறித்தது. "பெட்டி கேஸ்தான், ஒத்துக்கிட்டு ஐநூறு ரூபா கட்டிட்டா இன்னிக்கே முடிஞ்சிடும்" என்றார்கள் அங்கே. வாய்தாவுக்கு வாய்தா ஒருநாள் கூலி போகும் என்று நாங்களும் தலையாட்டினோம். எங்களில் ஒருவர்தான் அந்த ஐந்நூறைக் கொடுத்தது. வெளியே வந்து எல்லோருமாகப் பிரியாணி சாப்பிட்டோம்.

ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அதற்குப் பெயர் தண்டனை. வழக்கு முடிந்தது என்று நாங்கள் நினைத்த இடத்தில் அவன் குற்றவாளி என்று பதிவானது. படிப்பு வட்டத்தில் அரசியல் சட்டத்தையே வரிவரியாகப் படித்தவர்கள் நாங்கள். இது தெரிந்திருக்கவில்லை.

அவன் 2022 தேர்வு எழுதினான். தேறினான். ஓட்டத்தை ஆறு நிமிடத்துக்குள் முடித்தான். 2023-ல் சரிபார்ப்புப் படிவம் வந்தது. உங்கள் மீது வழக்கு இருந்ததா, தண்டனை பெற்றீர்களா என்று அதில் ஒரு கேள்வி. "இல்லைன்னு போடவா?" என்று கேட்டான். வேண்டாம், உண்மையை எழுது என்றோம். எழுதினான். நியமனம் மறுக்கப்பட்டது.

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒரு விதி இருக்கிறது. தோழர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய விதி. சரிபார்ப்புக்கு முன்பு குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார் என்கிறது. விடுதலையானாலும் சந்தேகத்தின் பலனில் விடுதலை என்றால், அல்லது புகார் கொடுத்தவரே பிறழ்சாட்சி ஆனதால் விடுதலை என்றால், அதுவும் சம்பந்தப்பட்டதாகவே கொள்ளப்படும். சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் மணிகண்டன் வழக்கில் இதை உறுதிசெய்துவிட்டது. இந்த விதி எல்லோருக்கும் பொதுவானது என்பார்கள். ஏட்டில் பொதுதான். ஆனால் தண்ணீருக்காகச் சாலையில் உட்கார வேண்டிய தெரு எது? திருவிழாவுக்கு முன்னால் முன்னெச்சரிக்கை என்று இரண்டு பையன்களை அள்ளிக்கொண்டு போகிற தெரு எது? அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்தவன் பத்தொன்பது வயதில் ஒரு வழக்கும் இல்லாமல் இருப்பது அவன் நல்லொழுக்கமா, முகவரியா?

வழி இல்லாமலும் இல்லை, நாங்கள்தான் தாமதமாகக் கற்றோம். 188-ஆம் பிரிவில் காவல்துறை தானே முதல் தகவல் அறிக்கை போட்டு வழக்கு நடத்த முடியாது. உரிய அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். 2018 செப்டம்பரில், எங்கள் மறியலுக்கு முன்பாகவே, ஜீவானந்தம் வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதைச் சொல்லி, அமைதியாகப் போராடியவர்கள் மீதான பல வழக்குகளை ரத்து செய்திருந்தது. ஒரு மனு போட்டிருந்தால் அந்த வழக்கு நிற்பதே கடினம். பிரியாணிக்குப் பதில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்திருக்கலாம். இன்னொன்று, 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. சிறுவயதில் முழக்கம் எழுப்பியது போன்ற சில்லறை வழக்கில் தண்டனை பெற்றதை ஒருவர் மறைத்திருந்தால்கூட, வேலை கொடுப்பவர் அதை மன்னிக்கலாம். எங்கள் தம்பியோ மறைக்கவே இல்லை. இந்த இரண்டையும் வைத்துத்தான் இப்போது உயர்நீதிமன்றத்தில் மனு நடக்கிறது.

லத்தி பற்றிய கேள்விக்கு வருகிறோம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதில் 13-ஆவது விதி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் காவல்துறையின் எல்லா மட்டங்களிலும், குறிப்பாகக் காவல் நிலைய அளவில், போதுமான எண்ணிக்கையில் இருப்பதை உறுதிசெய்வது மாநில அரசின் பொறுப்பு என்கிறது. காரணம் நிலையத்துக்குள் போய் நின்றவர்களுக்குத் தெரியும். அங்கே ரைட்டர் என்று ஒருவர் இருப்பார். நம் அக்கா அழுதுகொண்டே சொல்வதை அவர்தான் எழுத்தாக்குவார். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினான் என்பதை "தகாத வார்த்தையால் திட்டினான்" என்று அவர் எழுதினால் வன்கொடுமைச் சட்டம் அந்தப் பக்கத்திலேயே செத்துப்போகும். முதல் தகவல் அறிக்கையா, வெறும் சி.எஸ்.ஆர். ரசீதா என்பதும் பெரும்பாலும் அந்த மேசையில்தான் முடிவாகிறது. போலீஸ் வேலைக்கு என்ன திறமை வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளிடம் நாங்கள் கயிற்றுக்கு அடுத்தபடியாகச் சொல்வது இதைத்தான்: சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதத் தெரிய வேண்டும். வாரம் ஒருநாள் ஒருவர் பேச, மற்றவர்கள் புகாராக எழுதிப் பழகுகிறார்கள்.

நம் சாதிக்காரர் உள்ளே போனால் நிலையமே மாறிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. காக்கி எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கப் பார்க்கும். ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் சித்திரவதை செய்யப்பட்ட அந்த இரவில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, தான் பார்த்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்னார். உள்ளே ஒருவர் இருந்ததால்தான் அந்தச் சாட்சியம் கிடைத்தது. 1928-ல் சைமன் குழுவிடம் அம்பேத்கர் வைத்த கோரிக்கைகளில் ராணுவத்திலும் காவல்துறையிலும் தடையின்றி ஆளெடுப்பதும் ஒன்று. போலீஸ் நல்லவர்கள் என்று நினைத்து அவர் கேட்டிருப்பார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் பழக்கம் கொஞ்சம் மாறியிருக்கிறது. மறியலுக்கு முந்தைய இரவே யார் யார் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிடுகிறோம். நாற்பதைத் தாண்டியவர்கள் முன்வரிசையில் உட்காருகிறோம், முட்டி வலித்தாலும். பிள்ளைகள் வேண்டுமானால் பின்னால் தண்ணீர் கொடுக்கட்டும், படம் எடுக்கட்டும். அனுமதி மறுக்க 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டத்தைத்தான் இன்னும் காட்டுகிறார்கள், ஆகவே மறுப்பை எழுத்தில் வாங்கிவிடுகிறோம். வழக்கு என்று காதில் விழுந்தால் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் தேடி எடுத்து வைக்கிறோம். யார் பெயரெல்லாம் எந்த வழக்கில் இருக்கிறது என்று ஒரு நீளநோட்டில் எழுதி வருகிறோம். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது மட்டும் எங்களிடம் தடை. ஒரு பையன் இதனால் எங்களோடு சண்டை போட்டான்: "என்னைப் போராட வேணாம்னு சொல்ல நீங்க யாரு?" என்றான். அவனுக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. வேலைக்காகப் பயந்து வாயை மூடு என்று சொல்வது போலத்தான் அவனுக்குக் கேட்கிறது. சில நேரம் எங்களுக்கே அப்படித்தான் கேட்கிறது.

அந்தத் தம்பிக்கு இப்போது 25. வயது வரம்புக்கு இன்னும் ஆண்டுகள் இருப்பதால் 2025 நவம்பர் 9-ஆம் தேதித் தேர்வையும் எழுதிவிட்டு வந்தான். தமிழ்த் தாள் சுலபம், உளவியலில் இரண்டு கணக்கு விட்டுவிட்டேன் என்றான். இதிலும் தேறினால் மறுபடி அதே படிவம் வரும், அதே கேள்வி இருக்கும். அபராதம் கட்டிய ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறான். மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. காலையில் அவன்தான் விசில் வைத்துக்கொண்டு நிற்கிறான், சின்னப் பிள்ளைகளுக்கு நேரம் குறிக்க.