செம்புள்ளியும் விண்மீனும்

தொலைநோக்கியின் முதுகில் அமரும் செம்புள்ளிக் குறிகாட்டி பிறப்பாற் படைக்கலத்தைச் சார்ந்தது. 1900 ஆம் ஆண்டில் டப்ளின் நகரிலே துப்பாக்கிக்கென இதன் மூலநெறியை வகுத்தவர் சேர் ஹவார்ட் கிரப்; அவரோ பெருந்தொலைநோக்கிகளை ஆக்கிப் புகழ்பெற்றவர். கருவி தாய்வீடு திரும்பியது எனலாம்.

ஒளிகாலும் இருவாயியின் ஒளி வளைந்த கண்ணாடியிற் பட்டுச் சமாந்தரக் கதிர்களாய் மீள்கின்றது. ஆதலின் புள்ளி வானத்திலேயே ஒட்டியிருப்பதாகத் தோன்றும். கண் சற்றே விலகினும் அது பெரும்பாலும் விண்மீனை விட்டகலாது. ஆனால் குறிகாட்டியும் தொலைநோக்கியும் ஒரே திசையை நோக்காதவிடத்து இதனாற் பயனில்லை. பகலிலே, மிகத் தொலைவிலுள்ள கோபுர உச்சியொன்றைத் தொலைநோக்கியின் நடுவிற் கொணர்ந்து, பின்னரே புள்ளியைத் திருகி அதன்மீது அமர்த்தல் வேண்டும். அண்மைப் பொருளைக் கொண்டு இசைத்தால், இரண்டிற்கும் இடைப்பட்ட சில அங்குலமே இரவிற் பிழையாகிவிடும்.

ஆயினும் பெரிதும் கெடுப்பது ஒளிமிகையே. கண் இருளுக்குப் பழக அரைமணி நேரமளவு செல்லும். சிவப்பு அப்பழக்கத்தைக் குறைவாகவே குலைக்கும் என்பது மெய். எனினும் பிரகாசம் மிக்க புள்ளி, தான் சுட்டவேண்டிய மங்கலான விண்மீனையே மூடிவிடும். தேர்ந்தோர் புள்ளியை மறையும்வரை தணித்து, மீண்டும் மயிரிழையளவே ஏற்றுவர். மலிவான கருவிகள் சிலவற்றில் மிகத் தாழ்ந்த நிலையும் கண்ணைக் கூசச்செய்யும். அவற்றை வாங்கியோர் மின்சுற்றிலே தாமே ஒரு தடையியைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு.