ஒதுக்கிவைத்த சீட்டுகள்

எங்களவர் விரும்பி ஆடும் 304 என்ற சீட்டாட்டத்தில் ஏஸைவிட ஒன்பது பெரிது. ஒன்பதைவிட ஜாக் பெரிது. ஜாக்குக்கு 30 புள்ளிகள், ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11. வேறு ஆட்டங்களில் கம்பீரமாக வீற்றிருக்கும் ராஜாவுக்கு இங்கே வெறும் 3. சீட்டின் பெறுமதி ஆட்ட விதியைப் பொறுத்தது என்பது இதை ஆடி வளர்ந்தவர்களுக்குப் புதிதன்று. இளைய தலைமுறையினரின் சேகரிப்புச் சீட்டாட்டங்களில் எனக்கு ஈடுபாடு ஏற்பட்டதும் இந்த வழியாகத்தான்.

அவ்வகை ஆட்டங்களுக்கு வழிகோலியது, ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் உருவாக்கி 1993ஆம் ஆண்டு வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்'. இதில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு சீட்டுகள் உள்ளன. பெரும்பாலான போட்டிகளில், குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்றை ஒவ்வொருவரும் தாமே அமைத்துக்கொண்டு வரவேண்டும். எதை எடுப்பது, எதை விடுப்பது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது எனலாம். ஆயினும் பலர், அண்மையில் வென்றவரின் கட்டை அப்படியே பிரதி செய்கின்றனர். அதில் குற்றமில்லை. ஆனால் அவர்கள் படிப்பது சீட்டைப் பற்றிப் பிறர் சொன்னதை. சீட்டில் அச்சிடப்பட்டிருப்பதை அல்ல. பத்திரிகைக் காரியாலயத்தில் மெய்ப்புப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்கு விளங்கும்.

2006இல் வெளிவந்த 'டார்க் டெப்த்ஸ்' ஒரு நிலச் சீட்டு. சாதாரண நிலங்கள் 'மானா' என்னும் சக்தியைத் தரும். ஆட்டத்தின் செலவெல்லாம் அதிலிருந்துதான். இந்த நிலமோ எதையும் தராது. இதன்மீது 10 பனிக்கட்டி அடையாளங்கள் இருக்கும். ஒன்றை அகற்ற 3 மானா. பத்தும் அகன்றால், உள்ளே உறங்கும் பறக்கும் பேருரு எழும். அதன் பலம் 20. எதிராளியின் உயிர்ப்புள்ளிகளும் தொடக்கத்தில் 20தான். ஒரே அடி! ஆனால் நாம் 30 மானா செலவிடும் வரை எந்த எதிராளி காத்திருப்பார்? வேடிக்கைச் சீட்டு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

2009இல் 'வம்பயர் ஹெக்ஸ்மேஜ்' வந்தது. 2 மானாவுக்குக் களமிறங்கும் சிறிய போராளி. அவளைப் பலியிட்டால், நாம் குறிக்கும் ஒரு சீட்டின்மீதுள்ள அடையாளங்கள் எல்லாம் நீங்கும். 'எல்லாம்' என்ற அந்த ஒரு சொல்லே போதுமானதாயிற்று. 30 மானாவின் வேலை 2 மானாவில் முடிந்தது. பழைய சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 2011இல் 'மொடேர்ன்' என்ற போட்டிப் பிரிவு தொடங்கப்பட்டபோது, டார்க் டெப்த்ஸ் ஆரம்பத்திலேயே தடைப்பட்டியலில் இடம்பெற்றது.

ஒதுக்கப்பட்டவை எல்லாம் மறைந்திருக்கும் மாணிக்கங்கள் என்று நான் கூற வரவில்லை. பெரும்பாலானவை ஒதுக்கப்பட வேண்டியவையே. பயன் சிறிதாகவும் செலவு நியாயமாகவும் உள்ள சீட்டு என்றும் சாதாரணம்தான். பயன் பெரிதாகவும் நிபந்தனை கொடிதாகவும் இருக்கிறதே, அதைத்தான் நின்று படிக்க வேண்டும். 1995இல் வந்த 'நெக்ரோபொட்டன்ஸ்' உயிர்ப்புள்ளிகளைக் கொடுத்துச் சீட்டு வாங்கும் வினோதம். மறு ஆண்டு அதன் ஆதிக்கத்தைக் 'கறுப்புக் கோடை' என்றே அழைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது 1996இன் 'லயன்ஸ் ஐ டயமண்ட்'. 3 மானா தரும். பதிலுக்குக் கையிலுள்ள சீட்டுகளையெல்லாம் எறிந்துவிட வேண்டும். யாருக்கு வேண்டும் இது? 2006இல் வந்த 'இன்ஃபெர்னல் டியூட்டர்' என்ற சீட்டோ, கை வெறுமையானவர் தம் கட்டிலிருந்து விரும்பிய எந்தச் சீட்டையும் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. முதலில் இதை ஆடி, அது நிறைவேறுமுன் வைரத்தை உடைத்தால், இழப்பே தகுதியாகிவிடுகிறது.

மீண்டும் அச்சிடுவதில்லை என்று நிறுவனம் உறுதியளித்த பட்டியலில் அந்த வைரமும் உண்டு. இன்று ஒன்றின் விலை நூற்றுக்கணக்கான டொலர்கள். கைச்செலவுக் காசில் கட்டு அமைக்கும் மாணவன் அதை நினைத்தும் பார்க்க இயலாது. அவனுக்கு மிஞ்சுவது கடை மூலையில் சில சதங்களுக்கு விற்கும் சீட்டுப் பெட்டியும், அவற்றை ஒவ்வொன்றாகப் படிப்பதற்கான நேரமும்தான்.