உள்ளங்கை அளவு பிடிமானம்



நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளியை அடைந்தால், அங்கிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலை தொடங்குகிறது. அதில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அடிவாரத்தில் கொளுத்துகிற வெயில் சில வளைவுகளைக் கடந்ததும் குறைகிறது. மேலே போகப்போகக் குளிர் காற்று வீசுகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஊர்களும் மிளகுத் தோட்டங்களும் பலா மரங்களும் நம்மை வரவேற்கின்றன. உங்களில் பலர் குடும்பமாக அங்கே போய்வந்திருக்கிறீர்கள். இனிப் போகவும் இருக்கிறீர்கள்.

நம் சபையின் வாலிபர் சிலரிடம் இப்போது வலிமைமிக்க கார்கள் இருக்கின்றன. அவற்றுள் சில, என்ஜினின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்கு அனுப்புகிறவை. அத்தகைய காருக்கு அதிகப் பிடிமானமுள்ள டயர் எதை வாங்குவது என்று அவர்கள் தங்களுக்குள் ஆலோசிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆராதனைக்குப் பின் நடக்கும் அந்த உரையாடலை வெறும் உலகக் காரியம் என்று ஒதுக்கிவிட என் மனம் இடங்கொடுக்கவில்லை. அந்தக் காரில் அவர்களுடைய தாயும் மனைவியும் பிள்ளைகளும் அமரப்போகிறார்கள் அல்லவா? ஆகவே இந்த வாரம் அதைக் குறித்தே சிந்திப்போம்.

முதலாவது ஒரு காரியத்தை மனதில் வையுங்கள். கார் எத்தனை பெரியதானாலும், அது நிலத்தைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே இருக்கும். ஓடுவதும் நிற்பதும் திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே நடக்கின்றன. என்ஜினின் வலிமை முந்நூறு குதிரைத்திறனாக இருந்தாலும், அந்த இடத்தில் பிடிமானம் இல்லையேல் அது முழுவதும் வீண். வீண் மாத்திரமல்ல, ஆபத்தும்கூட.

பின்சக்கரங்களால் உந்தப்படும் காரில் முன்சக்கரங்கள் திசையைக் காட்டுகின்றன, பின்சக்கரங்கள் தள்ளுகின்றன. ஈரமான வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், பின்டயர்கள் ஒரே நேரத்தில் காரை முன்னே தள்ளவும் வேண்டும், பக்கவாட்டில் விலகாமல் பிடிக்கவும் வேண்டும். இரண்டையும் தாங்க முடியாதபோது பின்பகுதி வெளியே சறுக்குகிறது. மலை ஏறும்போது பாரம் பின்னோக்கிச் சாய்வதால் பின்சக்கரங்களுக்கு ஓரளவு உதவி கிடைக்கும். இறங்கும்போதோ பாரம் முன்னே போய், பின்பகுதி இலேசாகிவிடுகிறது. அப்போது அவசரமாகக் கீழ்க்கியருக்கு மாற்றினால், என்ஜினின் தடையே பின்சக்கரங்களை வழுக்கச் செய்யலாம். ஏறும்போது பயந்து, இறங்கும்போது நிம்மதியடைவது நம் வழக்கம். இவ்வகைக் காரை ஓட்டுகிறவர் இறங்கும்போதே அதிக விழிப்பாயிருக்க வேண்டும்.

அப்படியானால் எந்த டயர்? பந்தயத் தளத்துக்கென்று செய்யப்பட்டு, சாலையிலும் ஓட்ட அனுமதிக்கப்பட்ட டயர்கள் உண்டு. அவற்றின் ரப்பர் மிக மென்மையானது. மேற்பரப்பில் பள்ளங்கள் குறைவு. உலர்ந்த தளத்தில், நன்றாகச் சூடேறிய பின், அவற்றின் பிடிமானம் வியக்கத்தக்கது. ஆனால் கொல்லிமலையில் மெதுவாக வளைந்து ஏறும்போது அந்தச் சூடு ஏறுவதில்லை. ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழாவுக்குப் போகிறவர்கள் மழையையும், மரநிழலில் காயாத ஈரத்தையும், சாலையில் அடித்துவரப்பட்ட செம்மண்ணையும் சந்திக்கக்கூடும். தேங்கிய நீரை வெளியேற்றப் பள்ளம் இல்லாத டயர் அங்கே நீரின்மேல் மிதக்கும். நீங்கள் கற்பனையில் ஓட்டும் சாலைக்கு டயர் வாங்காதீர்கள். உங்கள் குடும்பத்தோடு நீங்கள் மெய்யாகவே போகும் சாலைக்கு வாங்குங்கள். ஈரத்தில் நன்றாகப் பிடிப்பதும், ஆழமான பள்ளங்கள் உடையதுமான நல்ல சாலை டயரே நம் மலைக்கு ஏற்றது.

டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பதை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 225/45 ஆர்17 என்றால் அகலம் 225 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம். சக்கரத்தின் விட்டம் 17 அங்குலம். அடுத்து வரும் 94 என்ற எண், ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. வி என்ற எழுத்து மணிக்கு 240 கிலோமீட்டர், டபிள்யூ 270, ஒய் 300 வேகம்வரை தாங்கும் என்று சொல்கிறது. கார் நிறுவனம் குறித்த அளவுக்குக் கீழே போகாதீர்கள். உற்பத்தி நாளைக் காட்டும் நான்கு இலக்கங்களும் அங்கே உண்டு: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓடாமல் நிழலில் நின்ற டயரும் காலப்போக்கில் இறுகிப் பிடிமானத்தை இழக்கிறது. பார்வைக்குப் புதிதாகத் தோன்றுவதெல்லாம் புதிதல்ல.

ஓட்டுநர்கள் ‘பட்டன்’ என்று சொல்லும் பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றியே ஆகவேண்டும். மழையில் மலையேறுகிறவர்கள் அதுவரை காத்திராமல், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. பணத்துக்கு நெருக்கம் வந்து இரண்டே டயர் வாங்க நேர்ந்தால், அவற்றைப் பின்சக்கரங்களுக்குப் போடுங்கள். முன்பகுதி சறுக்கினால் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பகுதி சறுக்கினால் சமாளிப்பது மிகவும் கடினம். காற்றழுத்தத்தைக் கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போதே சரிபாருங்கள். புதிய டயரை முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிப் பழக்குங்கள்.

பிரியமானவர்களே, இவ்வளவும் செய்தபின் ஒரு கேள்வி மீதியாயிருக்கிறது. டயர் எச்சரிக்கும்போது அதை நாம் கேட்போமா?

2005-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியனாபோலிஸ் நகரில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. அந்தக் கார்களும் பின்சக்கரங்களால் உந்தப்படுகிறவையே. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சாய்வாக அமைந்த 13-ஆவது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கர் என்ற வீரரின் இடது பின்டயர் பழுதாகி, கார் சுவரில் மோதியது. அந்த டயர்களைச் செய்த மிச்செலின் நிறுவனம் ஆராய்ந்து, அந்த வளைவில் முழுவேகத்தில் தங்கள் டயர்கள் பந்தயம் முழுவதும் தாங்கும் என்று உறுதிகூற முடியாது எனத் தன் அணிகளுக்குத் தெரிவித்தது. வளைவில் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டுக்கு இணக்கம் ஏற்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை 20 கார்களும் தளத்தை ஒருமுறை சுற்றிவந்தன. பின்பு, மிச்செலின் டயர் பூட்டிய 14 கார்களும் பந்தயத்தைத் தொடங்காமலே திரும்பிவிட்டன. திரண்டிருந்த மக்கள் கூச்சலிட்டார்கள், பாட்டில்களையும் எறிந்தார்கள்.

மீதியான ஆறு கார்களில் ஒன்றை ஓட்டியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். அவர் நான்காவதாக முடித்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்றில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவரே. நாம் அவரை நினைத்து மகிழ்கிறோம், அது தகும். ஆயினும் ஓடாமல் திரும்பிய அந்த 14 பேரையும் நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் ஆற்றல் இருந்தது, துணிவும் இருந்தது, காசு கொடுத்து வந்த மக்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இருந்தும், எச்சரிப்பு வந்தபோது நின்றுவிட்டார்கள். 14 பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். அந்த நாளில் அதற்கு யாரும் கைதட்டவில்லை.

எச்சரிப்பின் அருமையை நமக்குக் கற்பித்த ஒருவர் இதே கொல்லிமலையில் சிறுவயதில் வளர்ந்தவர். மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியருக்கு 1914-இல் பிறந்த பால் பிராண்ட்தான் அவர். சாலையில்லாத அந்த நாட்களில் மலையேறுவது கால்களின் உழைப்பு. தந்தை 1929-இல் காய்ச்சலால் அம்மலையிலேயே மரித்தார். மகன் மருத்துவராகி, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளுக்கும் கால்களுக்கும் அறுவை சிகிச்சை செய்தார். அவர்களுடைய பாதங்கள் புண்ணாகி அழிவதற்குப் பெரும் காரணம், வலியை உணராமையே என்று அவர் கண்டறிந்தார். நம் காலில் சிறு கல் உறுத்தினால் நாம் உடனே நடையை மாற்றிக்கொள்கிறோம். வலி தெரியாதவரோ, காயத்தின்மேலேயே ஊன்றி நடந்துகொண்டிருப்பார். ஆகவே அவரும் அவரோடு உழைத்தவர்களும் அந்தப் பாதங்களுக்கென்று மென்மையான ரப்பர் காலணிகளைச் செய்யும் முயற்சியில் ஈடுபட்டார்கள். வலியை ஒரு கொடை என்று அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார்.

காருக்கும் வலி உண்டு. வளைவில் டயர் கிரீச்சிடுவது ஒரு வலி. ஸ்டியரிங் திடீரென்று கையில் இலேசாவது ஒரு வலி. சறுக்கலைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு வேலைசெய்யும்போது முன்பலகையில் மஞ்சள் விளக்கு மின்னுவதும் ஒரு வலியே. அதிகப் பிடிமானமுள்ள டயரிடம் ஒரு மறைவான குணம் உண்டு: அது நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் தாங்கும். அதனால் நாம் எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பது தெரியாமலே வேகம் கூடும். அது கைவிடும்போது சடுதியில் கைவிடும். நல்ல டயர் நமக்குக் கொடுக்கும் கூடுதல் பிடிமானத்தை வேகமாகச் செலவழித்துவிட்டால், ஆபத்து வேளைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதைச் செலவழிக்காமல் சேமித்து வையுங்கள். எதிரே ஒரு பேருந்து வளைந்து வரும்போதும், ஒரு பிள்ளை சாலையில் ஓடிவரும்போதும் அது உங்களுக்கு வேண்டியிருக்கும்.

நம் வாழ்க்கையும் இப்படியே அல்லவா? வருமானம், படிப்பு, பதவி, உடல்பலம் ஆகியவை நம்மை உந்துகின்றன. நாம் நிலத்தைத் தொடும் இடங்களோ சிறியவை: ஜெபிக்கும் சில நிமிடங்கள், வீட்டாரோடு அமர்ந்து உண்ணும் ஒரு வேளை உணவு, வாக்குக் கொடுத்ததைக் காக்கும் உண்மை, மன்னிப்புக் கேட்கும் தாழ்மை. அவை தேய்ந்துபோனால் உந்துகிற பலமே நம்மைப் புரட்டிவிடும். அவை தேய்வதை முதலில் அறிகிறவர்கள் பெரும்பாலும் நம் அருகில் இருப்பவர்கள். “கொஞ்சம் மெதுவாகப் போங்கள்” என்று பின்னிருக்கையிலிருந்து மனைவி சொல்லும்போது, அந்தச் சொல்லை வலியைப்போல் ஏற்றுக்கொள்ளுங்கள். அது உங்களைக் காக்க வந்தது.

இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்யும்படி உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வண்டி காராயினும் இருசக்கர வாகனமாயினும், டயர்களின் பட்டனையும், உற்பத்தி வாரத்தையும், காற்றையும் குனிந்து பாருங்கள். பின்பு, சமீபத்தில் உங்களை எச்சரித்து, உங்கள் கோபத்தைச் சம்பாதித்த ஒருவரிடம் போய், அவர் சொல்லவந்ததை முழுவதும் சொல்லச்சொல்லிக் கேளுங்கள்.

தேவ சமாதானம் உங்கள் வீட்டாரோடும் உங்கள் பயணங்களோடும் இருப்பதாக.

ஜெபத்துடன்,
உங்கள் போதகர்